ஏரியில் நான் வீசாத மாத்திரைகள்

அன்புள்ள ஜெபாவுக்கு,

பக்கத்து அறையில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? சுவருக்கு அந்தப் பக்கம் உன் மின்விசிறி கிரீச்சிடுவது எனக்கு இங்கே கேட்கிறது. எழுந்து பத்து எட்டு வைத்தால் உன் கட்டில். ஆனால் நேரில் வந்தால் நான் என்ன செய்வேன் என்பது உனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். உட்காருவேன், தொண்டையைச் செருமுவேன், உன் முகத்தைப் பார்ப்பேன், உடனே ஏதாவது ஒரு ஜோக்கை எடுத்து விடுவேன். நீயும் பாவம் பார்த்துச் சிரித்துவிடுவாய். நீ சிரித்ததும் விஷயம் முடிந்துவிட்ட மாதிரி நான் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன். இருபத்தேழு வருடமாக இந்த வீட்டில் எல்லா முக்கியமான பேச்சும் அப்படித்தான் முடிந்திருக்கிறது, அதாவது முடியாமல் கிடக்கிறது. காகிதத்தில் நீ சிரிப்பது எனக்குக் கேட்காது. அதனால் தப்பிக்கிற வழி கொஞ்சம் குறைவு.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, உன் மாமனாராகப் போகிறவரைப் பற்றி நீ சொன்னது மூன்றே வாக்கியம். "மாமாகிட்ட நான் சொல்லிட்டேன்பா. அவர் என்னை நம்பல, உங்களைத்தான் நம்புறாரு. நீங்க சொன்னதை நீங்களே மாத்திச் சொன்னாத்தான் உண்டு." சொல்லிவிட்டு உன் தட்டைக் கழுவினாய். என் தட்டையும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். நீ கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். தட்டைக் கழுவினால் மனிதன் என்ன செய்வது? உனக்கு நடந்ததை உனக்கே முதலிலிருந்து எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள். நான் அதை ஊர் ஊராகச் சொன்ன விதத்தில், எது நடந்தது, எது நான் சேர்த்தது என்று உனக்கே குழம்பியிருக்கும்.

போன மாதம் பெனிட்டாவின் அப்பா அம்பத்தூரிலிருந்து வந்தாரே, அன்றைக்கு நீ வேலைக்குப் போயிருந்தாய். பெண்ணைப் பெற்றவர், பேச்சு நிச்சயமான பிறகு முதல் தடவையாகத் தனியே வருகிறார் என்று உன் அம்மா பயந்துபோய் முந்திரிப்பருப்பெல்லாம் வறுத்தாள். அவர் ஒரு முந்திரியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "சம்பந்தி, உங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்க ஒரே காரணம் உங்க சாட்சிதான். மண்ணூர்பேட்டை ஜெபக் கூட்டத்துல நீங்க எழுந்து சொன்னீங்களே, நான் மூணாவது வரிசை. அன்னைக்கு நான் அழுத அழுகை என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். இப்போ தம்பி என்னடான்னா, இன்னும் மாத்திரை சாப்பிடுறேன் மாமான்னு சொல்லுது. சின்னப் பிள்ளை, விசுவாசத்துல கொஞ்சம் தளர்ந்திருக்கு. பரவாயில்ல. கல்யாணத்தன்னைக்கு ஆலயத்துல நீங்க அந்தச் சாட்சிய இன்னொரு தடவை சொல்லுங்க. தம்பி அந்த மாத்திரை அட்டைய எடுத்துப் பீடத்துல வெச்சிரட்டும். அதோட அது முடிஞ்சுது. என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்துக்கலாம் சம்பந்தி" என்றேன். உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் போன பிறகு போய்ப் பார்த்தேன். ஜாரில் ஒன்றுமே இல்லை. உன் அம்மா வெறும் மிக்சியை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தாள். "வாயில வந்ததை அங்கேயே சொல்லிடுவேனோன்னு பயந்துதான் போட்டேன்" என்றாள்.

சாட்சி என்றால் நம் சபைகளில் என்னவென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று சொல்வது. அதை யாரும் சரிபார்க்கமாட்டார்கள், குறுக்குக் கேள்வி கிடையாது, முடிவில் அல்லேலூயா உண்டு. உன் அப்பனைப் போன்ற ஒரு வாயாடிக்கு இதைவிட ஆபத்தான இடம் உலகத்தில் இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சொத்தைப் பூசணிக்காயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசி ஜனங்களைக் கண்ணீர் வரச் சிரிக்க வைக்கிறவன் நான். என் கையில் மைக் கிடைத்தால் பூசணிக்காயே தன்னைப் பற்றி நம்ப ஆரம்பித்துவிடும்.

உனக்கு ஒன்பது வயது. கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேய்ப்பனாக நின்றிருந்தாய். சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தாய். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்கு நம் பேக்டரி குவார்ட்டர்ஸில் ஆறு விளக்கம் பிறந்தது. ரயில்வே சைடிங் பக்கம் விளையாடிப் பயந்திருப்பான் என்றார் ஒருவர். கண் பட்டிருக்கும் என்றார் இன்னொருவர். மேல் வீட்டு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க அப்பா வழியில யாராவது உடுக்கை அடிச்சுக் குறி சொல்ற கோடாங்கி இருந்தாங்களா?" என்று கேட்டார். எழும்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மட்டும் நிதானமாக இருந்தார். "இது வலிப்பு. மூளையில கரண்ட் கொஞ்சம் தாறுமாறா ஓடுது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு வேளைகூட விடாதீங்க. பேயும் இல்ல, பிசாசும் இல்ல" என்றார். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. இவ்வளவு பெரிய பயத்துக்கு இத்தனை சின்ன மாத்திரையா என்று இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஆவடியில் ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம். வெளியூர் பிரசங்கியார் ஒருவர் மாற்கு எழுதிய சுவிசேஷத்திலிருந்து அந்தக் கதையை எடுத்தார். இயேசு மலையிலிருந்து இறங்கி வருகிறார். கீழே ஒரு அப்பன் தன் மகனோடு நிற்கிறான். ஊமையான ஆவி ஒன்று பையனைப் பிடித்து அலைக்கழிக்கிறது, தீயிலும் தண்ணீரிலும் தள்ளுகிறது, நுரை தள்ளிப் பல்லைக் கடிக்கிறான். சீஷர்களால் அதைத் துரத்த முடியவில்லை. அப்பன் இயேசுவிடம், உம்மால் முடிந்தால் செய்யும் என்கிறான். முடிந்தால் என்ன முடிந்தால், நம்புகிறவனுக்கு எல்லாம் முடியும் என்று பதில் வருகிறது. அப்பன் கதறுகிறான், நம்புகிறேன், என் நம்பிக்கைக் குறைவுக்கும் நீரே உதவும் என்று. இயேசு ஆவியை அதட்டுகிறார். பையன் செத்தவன் போல் கிடக்கிறான். அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். பிரசங்கியார் இதற்குச் சொன்ன அர்த்தம் ஒன்றே ஒன்று: பிள்ளை எழும்பாததற்குக் காரணம் பெற்றவனின் அரைகுறை விசுவாசம். "இங்கே எந்தத் தகப்பன் முழுசா விசுவாசிக்கிறான்?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். முழங்கை வரைக்கும் தூக்கவில்லை, தோள்பட்டை கழன்றுவிடுகிற மாதிரித் தூக்கினேன். உன் தலையில் கை வைத்து ஜெபித்தார். நீ பசிக்கிறது என்றாய்.

அதன் பிறகு ஆறு வாரம் வலிப்பு வரவில்லை. மாத்திரை ஆரம்பித்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது, அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் எழுந்தேன், ஆண்டவர் அறிய. ஆனால் மூன்றாவது வரியிலேயே முன் வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவ்வளவுதான். என் வாய் என் கையை மீறிப் போய்விட்டது. நீ அடுப்பில் விழப் பார்த்தாய் என்றேன். நீ விழப் பார்த்தது கிடையாது, அது மாற்கிலிருந்து எடுத்தது. கிணற்றில் விழப் பார்த்தாய் என்றேன். நம் குவார்ட்டர்ஸில் கிணறே கிடையாது. உன் குரல் மாறிப் பேசினாய் என்றேன். கடைசியில், "அந்த மாத்திரைய எல்லாம் பருத்திப்பட்டு ஏரியில வீசிட்டு வந்துட்டேன்" என்றேன். சபையே எழுந்து கைதட்டியது. அந்த நிமிடத்தில் உன் மாத்திரை அட்டை, பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் உன் அம்மாவின் கைப்பைக்குள், கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான்கு வருடம். பூந்தமல்லியில் வீட்டுக் கூட்டம், மண்ணூர்பேட்டையில் உபவாச ஜெபக் கூட்டம், திருமழிசையில் வாலிபர் கூட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பேக்டரியில் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து திருகாணி எண்ணுகிறவனுக்கு, "பிரதர் வந்தாச்சா?" என்று நாலு பேர் வாசலில் காத்திருந்தால் எப்படி இருக்கும்? நான் பேசுவேன். நீ என் பக்கத்தில் நிற்பாய். உன் தோளில் கை வைத்து, "இதோ, இந்தப் பிள்ளைதான்" என்பேன். எல்லோரும் உன்னை மேலும் கீழும் பார்ப்பார்கள், ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. கூட்டம் முடிந்ததும் உன் அம்மா உன்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், வாழைப்பழத்தைப் பிளந்து அதற்குள் மாத்திரையை வைத்து ஊட்டுவாள். பத்து வயதுப் பிள்ளை பழம் தின்பதற்கு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பான்.

ஒருநாள் என்னிடம் கேட்டாய். "அப்பா, என் உள்ள நிஜமாவே பேய் இருந்துச்சா?" நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "இருந்துச்சுடா, உன் சேட்டை தாங்காம அதுவே ஓடிப்போச்சு" என்று சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஓய்வுநாள் பள்ளி டீச்சரிடம் போய், பேய் ஒருத்தனை விட்டுப் போனால் எங்கே போகும் என்று கேட்டிருக்கிறாய். அவர் பாவம், சுவிசேஷத்தில் இருக்கிற இன்னொரு கதையைச் சொல்லியிருக்கிறார், பேய்கள் பன்றிக் கூட்டத்துக்குள் புகுந்த கதையை. பட்டாபிராம் மார்க்கெட் பின்பக்கச் சாக்கடையில் அப்போது பன்றிகள் திரியும். நீ பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் அங்கே நின்று அவற்றிடம் சாரி சொல்லிக்கொண்டிருந்தாய் என்று வெகு நாள் கழித்து உன் அம்மாதான் சொன்னாள். உன் சித்தி குழந்தையைக் கொண்டுவந்தபோது, தூக்கமாட்டேன் என்று பின்வாங்கினாயே, அதுவும் அதனால்தானாம். உன்னிடமிருந்து அது குழந்தைக்குள் போய்விடுமோ என்று. நான் அதை "பையனுக்குக் கூச்சம்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது, ஜெபா.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. உனக்குப் பதின்மூன்று வயது. உன் அம்மா தங்கையின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். மாத்திரை கொடுக்கிற வேலை என் தலையில். அந்த வாரம் சபைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தவர், அலமாரியில் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன பிரதர், ஏரியில இருந்து நீந்தி வந்துடுச்சா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். என் ஆயுதத்தாலேயே என்னைக் குத்தினார். அன்று அட்டையை எடுத்து ஒளித்தேன். உன்னிடம், "இனிமே வேண்டாம்டா, ஆண்டவர் பாத்துப்பாரு" என்றேன். நீ நம்பினாய். உனக்குச் சந்தோஷம்கூட. பதினோரு நாள். அது விசுவாசம் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது வெறும் வெட்கம்.

பதினோராம் நாள் பூந்தமல்லிக் கூட்டத்துக்குப் போகவேண்டியவர்கள், முதலில் உன் ஷூவை மாற்ற ஆவடி போய் வரலாம் என்று பட்டாபிராம் ஸ்டேஷனில் நின்றோம். சாயங்காலம், நல்ல கூட்டம். நான் இரண்டடி முன்னால் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நீ தரையில் கிடந்து வெட்டிக்கொண்டிருந்தாய், பிளாட்பாரத்தின் விளிம்புக்கு ஒரு முழம் தள்ளி. கொய்யாப்பழம் விற்கிற அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து உன்னை உள்பக்கம் இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "யார் பெத்த புள்ளைமா இது? இன்னாய்யா அல்லாரும் வேடிக்க பாத்துகினு கீறீங்க? சாவி இருந்தா குடுய்யா, சாவி!" என்று கத்தினார். சாவியைக் கையில் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் என் சட்டைப்பையில் சாவிக் கொத்து இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? சபைக்காரர்கள் யாராவது அந்தப் பிளாட்பாரத்தில் இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார் பெத்த புள்ள" என்று அந்த அம்மா மறுபடியும் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் கூட்டிப்போய், "இதோ, இந்தப் பிள்ளைதான்" என்று மைக்கில் சொன்னவன், அங்கே சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவனாக, யாரோ ஒருவரின் பிள்ளையைப் பார்ப்பதுபோல் நின்றேன். ரயில் வந்து நின்று, ஆட்கள் ஏறி இறங்கி, அது கிளம்பிப் போகிற வரைக்கும் நின்றேன். பிளாட்பாரம் கொஞ்சம் காலியான பிறகுதான் கிட்டே போனேன். நீ அரைமயக்கத்தில் கண்ணைத் திறந்திருந்தாய். என்னைப் பார்த்து "அப்பா" என்றாய். அந்த அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீதானா? இவ்ளோ நேரம் இங்கியேதான நின்னுகினு இருந்த?" என்றார். ஒரு கொய்யாப்பழத்தைத் துடைத்து உன் கையில் கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நீ விழுந்த நேரத்தில் நான் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்ததாக உன் அம்மாவிடம் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். நீ இன்று வரைக்கும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

அன்றிலிருந்து மாத்திரை திரும்ப ஆரம்பித்தது. சாட்சி சொல்வதை நிறுத்தினேன். ஆனால் திருத்தவில்லை. யாராவது கூப்பிட்டால் முதுகுவலி என்றேன், ஷிப்டு என்றேன். அந்த வருடம் நம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், உனக்கு ஞாபகம் இருக்கும். அவரிடம் பிளாட்பாரத்தை மறைத்து, மீதியைச் சொன்னேன். அவர் மத்தேயு எழுதியதை எடுத்துக் காட்டினார். அதே கதைதான், ஆனால் அந்தப் பையனைச் சந்திரரோகி என்று சொல்லியிருக்கிறது. "இது ரோகத்தோட பேருங்க. அந்தக் காலத்து ஜனங்க காரணம் தெரியாத எல்லாத்தையும் ஆவின்னு சொன்னாங்க. அவங்க மொழியில ஆண்டவர் பேசினார். இன்னைக்கு அவர் உங்க மொழியில பேசினா மாத்திரை சாப்பிடுன்னுதான் சொல்வார்" என்றார். ஆவிகளே கிடையாதா ஐயா என்று கேட்டேன். "இருக்கட்டும், இல்லாம போகட்டும். உங்க பையன்கிட்ட இருக்கிறது வலிப்பு. ரெண்டையும் ஒரே சட்டிக்குள்ள போட்டுக் கிண்டாதீங்க" என்றார். படித்த மனுஷர். நான் தலையை ஆட்டினேன். ஆனால் மனதுக்குள், பிரசங்கியாரின் கதைக்கு வருகிற கைதட்டல் இதற்கு வராதே என்று நினைத்தேன். நான் எப்படிப்பட்டவன் பார்.

உன் அம்மா அந்தக் கதையை வேறு மாதிரிப் படிக்கிறாள். அவளுக்கு மூலமொழியும் தெரியாது, சந்திரரோகமும் வேண்டாம். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "நல்லாப் படிச்சுப் பாருங்க. பையனுக்கு இது எத்தனை நாளா இருக்குன்னு முதல்ல கேட்கிறார். டாக்டரம்மாவும் அதைத்தான் முதல்ல கேட்டாங்க. அப்புறம் ஜனங்க கூட்டமா ஓடி வர்றதைப் பாக்குறார். பாத்ததும் சட்டுன்னு முடிச்சுடுறார். ஏன்? புள்ள தரையில கிடக்குறதை அத்தனை பேர் பாக்கக் கூடாதுன்னுதான். அவர் கூட்டம் வர்றதுக்குள்ள முடிச்சார். நீங்க கூட்டத்தைக் கூட்டி ஆரம்பிச்சீங்க." சொல்லிவிட்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அழுதாள். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கென்று எழுதின மாதிரி ஒரு பிரசங்கம் இரண்டு நிமிடத்தில் அடுப்படியில் முடிந்தது.

நான் படித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், வயதான பிறகு படித்தது. அந்த அப்பனை எல்லாப் பிரசங்கியாரும் திட்டுகிறார்கள், அரைகுறை விசுவாசி என்று. எனக்கு அவன்தான் அந்தக் கதையிலேயே யோக்கியன். பாதி நம்புகிறேன், மீதிப் பாதி என்னிடம் இல்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்கிறான். அந்தப் பாதியோடு அவனை ஏற்றுக்கொண்டார்கள், மகன் எழுந்தான். நான் முழுசாக இருக்கிறது என்று கையைத் தூக்கினேன். இன்னொன்றும் உண்டு. பையன் எழுந்த பிறகு அந்த அப்பனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். அவன் பூந்தமல்லிக்கெல்லாம் போனதாக எங்கேயும் எழுதவில்லை.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்லவேண்டுமாம். யார் யாருக்குச் சொல்வது? இருந்தாலும் என் தப்பிலிருந்து எடுத்துத் தருகிறேன், வேறு சொத்து என்னிடம் இல்லை. உன் மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைக்காதே, பீரோவுக்குள் வைக்காதே. சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வை, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும். இந்த நாலு வருடமாக உனக்கு வலிப்பு திரும்ப வரவில்லை என்றால் அது மாத்திரையாலும், உன் ஒழுங்காலும், உன் அம்மாவின் ஜெபத்தாலும். இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க உட்காராதே. ஜெபம் பண்ணு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழங்காலில் நின்றுகொண்டே தண்ணீரைக் குடித்து மாத்திரையை விழுங்கலாம், ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார். டாக்டர் சரி என்கிறவரை பைக் ஓட்டாதே. ஏன் ஓட்டவில்லை என்று கேட்கிறவனிடம் காரணத்தைச் சொல். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அது தடுக்கி விழுந்தால்கூட, அதைக் கதையாக்கி அடுத்த வீட்டில் சொல்வதற்கு முன் அதனிடம் ஒரு வார்த்தை கேள். என் இரத்தம் உன்னிடமும் ஓடுகிறது. உனக்கும் நன்றாகப் பேச வருகிறது. அதுதான் எனக்குப் பயம்.

நேற்று சாயங்காலம் நான் அம்பத்தூர் போனேன். உன்னிடம் முதுகுவலிக்குத் தைலம் வாங்கப் போகிறேன் என்று சொன்னேன், அது கடைசிப் பொய்யாக இருக்கட்டும். பெனிட்டாவின் அப்பா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். "சம்பந்தி, அந்த மாத்திரைய நான் ஏரியில வீசல."

"எந்த ஏரி?"

"சாட்சியில சொன்ன ஏரி."

அவர் சிரித்தார். துணியை உதறிக்கொண்டே, "உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான் சம்பந்தி, உள்ள வாங்க" என்றார். எனக்கு வந்த தண்டனையைப் பார்த்தாயா? பொய் சொன்னபோது ஒரே தடவையில் நம்பினார்கள். உண்மையை மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவர் முகம் மாறியது. துணியைக் கீழே வைத்தார். "அப்போ அன்னைக்கு நான் அழுதது?" என்று கேட்டார். ஸ்கூட்டர் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு, "எங்க அக்கா மகனுக்கும் இதே வியாதிதான். உங்க சாட்சிய நான்தான் போய்ச் சொன்னேன்" என்றார். சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். நான் நின்றேன். அந்தப் பக்கம் அவர் அக்கா பேசினது எனக்குக் கேட்கவில்லை. இவர் "எப்போ?", "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். "அப்பவே ரெண்டு மாசம் மாத்திரைய நிறுத்தியிருக்காங்க. படியில விழுந்து முன் பல்லு ரெண்டும் போனப்புறம் திரும்ப ஆரம்பிச்சிருக்காங்க. என்கிட்ட சொல்லவே இல்ல, என் மனசு கஷ்டப்படும்னு." பிறகு, "போயிட்டு வாங்க" என்றார். சம்பந்தி என்று சொல்லவில்லை. கல்யாணம் உண்டா இல்லையா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

பெனிட்டா கேட் வரைக்கும் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "மாமா, அப்பாவை நான் பாத்துக்குறேன். நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஜெபாவுக்கு வந்துச்சுன்னா எந்தப் பக்கமா திருப்பிப் படுக்க வைக்கணும்?" இடது பக்கம் என்றேன். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, பிடித்து அமுக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரி என்றேன். எல்லாம் டாக்டரம்மா சொன்னது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது, நான் உன்னை ஒரு தடவைகூட அப்படித் திருப்பிப் படுக்க வைத்ததில்லை. எப்போதும் உன் அம்மாதான். ஒரே ஒரு தடவை அந்தக் கொய்யாக்கார அம்மா.

அந்தப் பல் போன பையனுக்கு இப்போது உன் வயது இருக்கும். அவனைப் போல் இன்னும் எத்தனை வீட்டில் யார் யார் நிறுத்தினார்களோ, எனக்குத் தெரியாது. அதனால் உன் மாமனாரிடம் சொன்னதோடு இது முடியாது. சபை மடலில் மாதாமாதம் எனக்கு ஒரு சிரிப்புப் பக்கம் இருக்கிறதே, இந்த மாதம் அந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லிப் போதகர் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நானே எழுந்து வாசிக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பையன் சரின்னு சொன்னானா?" நான் இன்னும் கேட்கவில்லை என்றேன்.

இப்போது கேட்கிறேன். நான்கு வருடம் உன் உடம்பைப் பற்றி உன்னைக் கேட்காமல் ஊருக்குச் சொன்னவன் நான். இந்த ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். உன்னைப் பற்றி எழுதியிருப்பதில் எது வெளியே போகவேண்டாமோ அதை அடித்துவிடு, ஏன் என்று கேட்கமாட்டேன். பன்றிகளை அடித்தாலும் சரி, வாழைப்பழத்தை அடித்தாலும் சரி, மொத்தமாக வேண்டாம் என்று கிழித்தாலும் சரி. மாத்திரையை வீசவில்லை என்பதை மட்டும், உன் பெயரைச் சொல்லாமல், எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். என்னைப் பற்றி எழுதியதைக் குறைக்காதே, பிளாட்பாரத்தைத் தொடாதே. நீ என்னிடம் கோபப்படவேண்டியது அதற்குத்தான், அது உனக்கு இன்றுதான் தெரிகிறது. எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு கோபப்படு.

ஞாயிற்றுக்கிழமை நீ வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தால் பின்னால் பெனிட்டாவோடு உட்கார்ந்துகொள். எல்லோரும் திரும்பி உன்னைப் பார்ப்பார்கள், நீ யாரையும் பார்க்காதே. நான் பாதியில் வாசிக்க முடியாமல் நின்றாலும், உன் மனம் இளகி எழுந்து வந்துவிடாதே. உனக்கு அந்தக் குணம் உண்டு, உன் அம்மா கொடுத்தது. இந்தத் தடவை என் பக்கத்தில் யாரும் நிற்கவேண்டாம்.

அப்பா